பழைய காரும் பெற்றோல் மணமும்

"இன்னைக்கும் தேத்தண்ணியில பெற்றோல் வாசம் அடிக்குதுங்க!"

சென்ற டிசம்பர் விடுமுறையில் ஒருநாட் காலை என் மனைவி கூறிய சொற்கள் இவை. தேயிலை மலைகளின் நடுவே, கொஸ்லந்தையில் குடியிருப்பவன் வீட்டுத் தேநீரிற் குறைகாண எவரும் துணியமாட்டார். குற்றம் தேநீருடையதன்று, எங்கள் கொட்டகையில் நிற்கும் கிழவியுடையது. கிழவி என்று நான் சொல்வது 1958ஆம் ஆண்டு மொறிஸ் மைனர் காரை. தோட்டக் காரியாலயத்தில் எழுதுவினைஞராயிருந்த என் தந்தையார், ஓய்வுபெற்ற காலத்திற் கையிலிருந்த சேமிப்பையெல்லாம் கொடுத்து அதனை வாங்கினார். அவர் காலமான பின், வீட்டோடு வண்டியும் என் பொறுப்புக்கு வந்தது.

2020ஆம் ஆண்டில் ஊரடங்கு வந்தது, வண்டி நின்றது. 2022இல் பெற்றோலுக்கு நீண்ட வரிசை வந்தது, மறுபடியும் நின்றது. அவ்வாண்டு ஜூலையிற் கியூ.ஆர். முறை வந்து, காருக்கு வாரமொன்றுக்கு 20 லீற்றர் என்று அளந்து கொடுக்கத் தொடங்கிய போதும் நான் பஸ்ஸிலேயே பாடசாலைக்குப் போய்வந்தேன். இவ்வாறு மாதக்கணக்கில் உறங்கிய வண்டியை எழுப்பி மீண்டும் ஓட்டத் தொடங்கிய நாள் முதலாகத்தான் இந்த மணம்.

"பழைய கார் என்றால் கொஞ்சம் மணக்கத்தானே செய்யும்" என்று நான் இல்லத்தரசிக்குச் சமாதானம் சொன்னேன். மூலையில் அமர்ந்து வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த அம்மா தலையை நிமிர்த்தினார்.

"தம்பி, கொஸ்லந்தையில இருந்துகிட்டு கசிவைப் பார்த்துச் சும்மா இருக்கலாமாப்பா?"

அதன்மேல் நான் பேசவில்லை. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில், மீரியாபெத்த தோட்டத்து லயன்கள் மண்ணிற் புதையுண்டதை எங்கள் ஊரார் எவரும் மறந்திலர். நிலம் வெடிப்பதும், முன்பு ஈரமில்லாத இடத்தில் நீர் ஊறுவதும், தெளிந்த ஊற்றுக் கலங்குவதும் மலை சரிவதற்கு முன்வரும் அறிகுறிகள் என்று இன்று இங்குள்ள சிறுவனும் சொல்வான். அந்தப் பெருந்துயரையும் என் காரின் ஒழுக்கையும் ஒரு தட்டில் வைத்து எண்ணுவது தகாது. எனினும் அம்மாவின் சொல் தைத்தது. எழுந்து கொட்டகைக்குப் போனேன்.

போய் நின்றதும் எனக்கே வெட்கமாக இருந்தது. பெற்றோல் ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனமானது. மேலே எழாமல் நீரைப் போலத் தாழ்வை நாடி ஓடும். பூச்சியத்துக்கு 40 பாகை கீழான குளிரிலுங்கூட எரியத்தக்க ஆவியைப் பெற்றோல் விட்டுக்கொண்டிருக்கும். காற்றில் நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு கலந்தாலே ஒரு பொறி போதும். இவையெல்லாம் நான் வகுப்பிற் கரும்பலகையில் எழுதிக்காட்டும் பாடங்கள். எங்கள் கொட்டகையோ மேட்டில் இருக்கிறது. அதற்கு நான்கு படி கீழே சமையலறை. அங்கே எரிவது விறகடுப்பு. ஊருக்குப் பாடம் சொன்னவன், தன் வீட்டு அடுப்பை எண்ணிப் பார்க்கவில்லை!

அன்றைக்கே வண்டியைத் தள்ளி வெளிமுற்றத்தில் நிறுத்தினேன். பற்றரியின் இணைப்பைக் கழற்றினேன். இனி, நான் செய்த பிழைகளையும் ஒரு முதியவரிடம் கற்ற பாடத்தையும் சொல்லுகிறேன். பழைய வண்டி வைத்திருப்போர் நம் நாட்டிற் குறைவல்லர். 2020இல் நிறுத்தப்பட்ட தனியார் கார் இறக்குமதி 2025இலேதான் மீண்டும் திறந்தது. இடைப்பட்ட காலத்திற் பல வீடுகளிற் கிழட்டு வண்டிகளே குடும்பத்தைச் சுமந்தன. ஆதலின் இது சிலருக்கேனும் பயன்படும்.

செருப்புக் கடைக்காரர் செய்த யந்திரம்

மொறிஸ் மைனர் 1948ஆம் ஆண்டு இலண்டன் கண்காட்சியில் முதன்முதல் மக்கள் பார்வைக்கு வந்தது. அதை வரைந்தவர் அலெக் இஸிகோனிஸ் என்னும் பொறியியலாளர். 1960ஆம் ஆண்டின் இறுதிக்குள் பத்து இலட்சம் வண்டிகள் உற்பத்தியாகிவிட்டன. பிரித்தானியக் கார்களுள் அந்த எண்ணிக்கையை முதலில் எட்டியது இதுவே. இலங்கையில் இதற்கு இருந்த செல்வாக்கை நான் சொல்ல வேண்டியதில்லை. தோட்டத்து டொக்டர் முதற் பாடசாலை அதிபர் வரை, ஒரு தலைமுறைக்கு மதிப்பான வாகனம் என்றால் மைனர்தான்.

அதன் மூக்கினுள் இருக்கும் காபரேற்றருக்கு 'எஸ்.யு.' என்று பெயர். ஸ்கின்னர் யூனியன் என்பதன் சுருக்கம் அது. இலண்டனிற் காலணி வியாபாரம் செய்த ஸ்கின்னர் குடும்பத்துச் சகோதரர்கள் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதனைச் செய்தார்கள். தொழிலுக்கு ஏற்ப, முதன்முதலிற் செய்த காபரேற்றரில் ஏறி இறங்கும் பாகம் ஒரு தோற் துருத்தியாகவே இருந்ததாம்! பின்னர் தோல் போய்ப் பித்தளையும் அலுமினியமும் வந்தன. 1926இல் மொறிஸ் அந்தத் தொழிலை விலைக்கு வாங்கினார். அதன்பின் பல்லாயிரம் பிரித்தானிய வண்டிகளில் அதே யந்திரம் ஏறியது.

அதன் வேலையை வீட்டுப் பெண்களுக்கும் விளங்கச் சொல்லலாம். மலசலகூடத் தண்ணீர்த் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். நீர் நிறைய நிறைய மிதவை எழுந்து குழாயை அடைக்கிறது. நீர் குறைந்தால் மிதவை தாழ்ந்து குழாய் திறக்கிறது. காபரேற்றரின் பக்கத்திற் கிண்ணம்போல் இருக்கும் மிதவை அறையிலும் இதுவே நடக்கிறது. மிதவை ஒரு சிறு ஊசியை மேலே தள்ளிப் பெற்றோல் வரும் வாயிலை மூடுகிறது. கிண்ணத்திலிருந்து பெற்றோல், ஜெற் என்னும் மெல்லிய பித்தளைக் குழாய்க்குப் போகிறது. அங்கிருந்து யந்திரம் அதனை உறிஞ்சிக்கொள்கிறது. என் வண்டியின் பழைய மாதிரியில் இந்த ஜெற் அசையக்கூடியது. குளிர்காலையிற் சோக்கை இழுத்தால் ஜெற் கீழே இறங்கும். அசையும் குழாயைச் சுற்றி ஒழுக்கு வராமற் காப்பவை சின்னஞ்சிறு தக்கை வளையங்கள்.

தக்கை ஈரமாயிருக்கும்வரை பருத்து இறுகி நிற்கும். வண்டி மாதக்கணக்கில் நின்று பெற்றோல் வற்றிப்போனால், தக்கை காய்ந்து சுருங்கிவிடும். 2020இலும் 2022இலும் நின்ற வண்டி பின்பு ஏன் ஒழுகிற்று என்பதற்குக் காரணம் இதுவே. என் வண்டிக்கு மட்டும் உரிய நோயன்று. அந்த ஆண்டுகளில் உறங்கிய பழைய வண்டி எதற்கும் வரக்கூடியது.

நான் செய்த அவசரம்

காரணம் தெரிந்துவிட்டது, இனி வேலை சுலபம் என்று எண்ணினேன். கொழும்புக்குப் போன மைத்துனர் மூலம் பஞ்சிகாவத்தையிலிருந்து ஒரு பொதி வருவித்தேன். தக்கை வளையங்கள், புது ஊசி, பைபர் வாசர்கள் எல்லாம் அதில் இருந்தன. ஒரே நாளிற் காபரேற்றரைக் கழற்றிக் கழுவி, பகற்பொழுது சாயுமுன் பூட்டியும்விட்டேன். பூட்டிய பின் பார்த்தால், முன்பு ஓரிடத்தில் ஒழுகிய வண்டி இப்போது எங்கெங்கோ ஒழுகியது! கிண்ணம் முழுவதும் நனைந்து, ஜெற்றின் அடியில் துளித்துளியாய்ச் சொட்டியது.

அடியிற் சொட்டுகிறதே, தக்கைதான் இன்னும் இறுகவில்லை என்று முடிவு கட்டினேன். ஸ்பனரை எடுத்து இறுக்கினேன். நிற்கவில்லை. மீண்டும் இறுக்கினேன். பக்கத்தில் நின்ற என் மகன், "அப்பா, போதும்பா" என்று சொன்னதையும் கேளாமல் மூடியின் ஆணியையும் இறுக்கினேன். அலுமினியம் இளகிய உலோகம். இன்னும் கால் சுற்றுப் போயிருந்தால் மரை அழிந்திருக்கும். நல்லவேளை, கை சோர்ந்தது.

மறுநாள் ஹப்புத்தளைப் பக்கத்திலிருந்து ஒருவரை அழைத்துவந்தேன். வயது எழுபதைக் கடந்தவர், இளமையிலிருந்து தோட்ட வாகனங்களைத் திருத்தியவர், சிங்களவர். சுற்று வட்டாரமெல்லாம் அவரை 'பாஸ் உன்னஹே' என்றே அழைக்கும்.

வந்தவர் ஆயுதப் பெட்டியைத் திறக்கவேயில்லை. நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, "இஸ்கோல மஹத்தயா வீட்டுல வெண்கட்டி இருக்கும்தானே?" என்றார்.

ஆசிரியன் வீட்டில் வெண்கட்டிக்கா பஞ்சம்! மகன் ஓடிப்போய் ஒரு பிடி கொண்டுவந்தான். பெரியவர் அதனைக் கல்லில் வைத்துத் தூளாக்கினார். காபரேற்றரை உலரத் துடைத்து, நன்றாகக் காற்றாட விட்டு, அதன்மேல் வெள்ளைத் தூளை மெல்லத் தூவினார். பின்பு பற்றரியை இணைத்துச் சாவியை மட்டும் திருப்பச் சொன்னார். யந்திரத்தை இயக்க வேண்டாம் என்றார்.

மைனரில் பெற்றோலை இழுத்துக் கொடுப்பது மின்சாரப் பம்பு. சாவியைத் திருப்பியதும் 'டிக், டிக், டிக்' என்று அடிக்கும். கிண்ணம் நிறைந்து ஊசி வாயிலை மூடியதும் சத்தம் ஓய வேண்டும். ஓயாமல் அடித்துக்கொண்டே இருந்தால், உள்ளே போகும் பெற்றோல் எங்கேயோ வெளியே போகிறது என்பது பொருள். அல்லது பம்பின் வால்வுகளே தேய்ந்திருக்க வேண்டும். எங்கள் பம்பு ஓயவில்லை. பெரியவர் காதைச் சாய்த்துக் கேட்டார். பின் கண்ணைத் தூளின்மேல் வைத்தார்.

"மஹத்தயா, எங்க ஈரம் எண்டு பாக்க வேணாம். எங்க முதல்ல ஈரம் எண்டு பாருங்க."

பார்த்தேன். அடியிலன்று, உச்சியில்! பெற்றோற் குழாய் கிண்ணத்தின் மூடியோடு சேரும் இடத்தில், வெள்ளைத் தூள் முதலிற் கறுத்தது. அங்கிருந்து ஒரு மெல்லிய கோடு கிண்ணத்தின் பக்கமாக இறங்கி, கீழ்க்கையைச் சுற்றிப்போய் ஜெற்றின் அடியில் துளியாகத் தொங்கியது. நான் ஒரு நாள் முழுவதும் அடியைத் தண்டித்துக்கொண்டிருந்தேன். பிழையோ தலையில்!

மேலிருந்து கீழாக

பெரியவர் அதன்பின் செய்தவற்றை வரிசையாகத் தருகிறேன். மேலிருந்து கீழாக, ஒருமுறைக்கு ஓரிடம் மட்டும் என்பதே அவருடைய முறை. ஓரிடத்தைத் திருத்தியதும் மீண்டும் துடைத்து, மீண்டும் தூள் தூவி, மீண்டும் பார்ப்பார்.

முதலாவது, குழாய் மூடியோடு சேரும் இடம். அங்கே ஆணியின் தலைக்கீழ் ஒன்றும், வளையத்தின் மறுபக்கம் ஒன்றுமாக இரண்டு பைபர் வாசர்கள் வேண்டும். நான் ஒன்றைப் புதிதாகவும், மற்றதைப் 'பார்வைக்கு நன்றாயிருக்கிறதே' என்று பழையதாகவும் போட்டிருந்தேன். பைபர் வாசர் ஒருமுறை நசுங்கிப் பொருந்தினால் அதோடு அதன் ஆயுள் முடிந்தது. எவ்வளவு இறுக்கினாலும் மறுமுறை பொருந்தாது. அதே இடத்தின் உள்ளே விரல்நுனி அளவு வலைவடி ஒன்று உண்டு. அதில் தாங்கியின் துரு செம்மண்போல் நிறைந்திருந்தது.

இரண்டாவது, மூடியிலிருந்து கீழே போகும் வழிந்தோடு குழாய். முதலாவதைத் திருத்திய பின்னும் பம்பு ஓயவில்லை. இப்போது இக்குழாயின் வழியே சொட்டியது. கிண்ணம் நிரம்பி வழிகிறது, ஊசி மூடவில்லை என்பது அதன் அர்த்தம். மூடியைக் கழற்றிக் கவிழ்த்துப் பிடித்து, பெற்றோல் வரும் வாயில் ஒரு சுத்தமான இறப்பர்க் குழாயை மாட்டி ஊதச் சொன்னார். ஊசி தன் இடத்தில் அமர்ந்திருக்கும்போது காற்றுப் போகக் கூடாது. எனக்குப் போயிற்று. ஊசியின் இருக்கையில் ஒரு துருத்துணுக்கு ஒட்டிக்கொண்டிருந்தது. அதைத் துடைத்ததும் காற்று நின்றது.

மிதவையையும் அவர் விடவில்லை. பித்தளை மிதவையைக் காதருகே பிடித்துக் குலுக்கினால், உள்ளே 'களக் களக்' என்று கேட்கக் கூடாது. கேட்டால் மிதவை ஓட்டையாகிப் பெற்றோல் குடித்துவிட்டது என்று கொள்க. ஐயமிருந்தால், அடுப்பிலிருந்து இறக்கித் தூரக் கொண்டுவந்த சுடுநீரில் அமிழ்த்திப் பார்க்கலாம். துவாரமுள்ள இடத்திற் குமிழி வரும். ஈயம் வைத்து அடைத்தால் மிதவை கனத்துப் பெற்றோல் மட்டம் உயர்ந்துவிடும்; ஆதலாற் புதியது போடுவதே மேல். மிதவையைத் தாங்கும் சிறு கவைக் கம்பியின் உயரத்தையும் வண்டிக் கையேட்டில் உள்ள அளவுப்படி சரிபார்க்க வேண்டும். மாதிரிக்கு மாதிரி அந்த அளவு மாறும். பக்கத்து வீட்டு வண்டியின் அளவை வாங்கி வைக்கலாகாது.

மூன்றாவது, ஜெற்றின் அடி. இங்கேயும் ஒழுக்கு இல்லாமலில்லை. ஆனால் மற்ற இரண்டும் நின்ற பிறகே அதன் உண்மையான அளவு தெரிந்தது. சிறு கசிவுதான். புதுத் தக்கைகளைப் பொதியிலிருந்து எடுத்தபடியே காய்ந்த நிலையில் மாட்டியிருந்தேன். பெரியவர் சிரித்தார். தக்கையை மெல்லிய என்ஜின் எண்ணெயில் ஓரிரவு ஊறவைத்த பின்பே மாட்ட வேண்டுமாம். அன்றிரவு ஒரு கறிக்கிண்ணத்தில் எண்ணெய் ஊற்றித் தக்கைகளை ஊறவைத்தோம். அந்தக் கிண்ணத்துக்காக இல்லாளிடம் நான் வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக்கதை.

மறுநாள் தக்கைகளைப் பூட்டும்போது இன்னொன்று கற்றேன். ஜெற்றைப் பிடிக்கும் பெரிய மரையைத் தளர்த்தினால் ஜெற் நடுவிலிருந்து விலகிவிடும். மேலே ஏறி இறங்கும் பிஸ்ரனிலிருந்து தொங்கும் கூர் ஊசி ஜெற்றின் பக்கத்தில் உராயும். வண்டி அதிகம் குடிக்கும்; சீராக ஓடாது. ஆகவே ஜெற்றை முழுதும் மேலே தள்ளிவைத்து, பிஸ்ரனை மெல்ல அமர்த்தி, அந்த ஊசியே ஜெற்றை நடுவுக்குக் கொண்டுவர விட்டு, அதன்பின் மரையை இறுக்க வேண்டும். பிஸ்ரனை விரலால் உயர்த்தி விட்டால் தடையின்றி விழுந்து 'டக்' என்று தெளிவான ஓசை தர வேண்டும். ஓசை மழுங்கினால் மறுபடியும் முதலிலிருந்து செய்க. நாங்கள் மூன்று முறை செய்தோம்.

எல்லாம் முடிந்து சாவியைத் திருப்பினேன். பம்பு சில கணம் வேகமாய் அடித்தது, தளர்ந்தது, ஓய்ந்தது. மகன் நூறு வரை எண்ணினான். மறு சத்தம் இல்லை. வெள்ளைத் தூள் வெள்ளையாகவே இருந்தது.

சில எச்சரிக்கைகள்

மைனரிற் காபரேற்றரும் புகை வெளியேறும் சூடான குழாயும் யந்திரத்தின் ஒரே பக்கத்தில், ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கின்றன. வழிந்தோடு குழாய் அங்கே இருப்பது, வழியும் பெற்றோல் சூட்டின்மேல் விழாமல் தரைக்குப் போவதற்காகவே. அது தேவையற்ற வால் என்று கழற்றி எறிந்த வண்டிகளை நான் கண்டிருக்கிறேன். தயவுசெய்து அதைத் தேடிப் பிடித்துப் பூட்டுங்கள்.

யந்திரம் ஆறிய பின்பே, திறந்த வெளியிலேயே இவ்வேலையைத் தொடங்குங்கள். பற்றரியைக் கழற்றி வையுங்கள். பம்பைச் சோதிக்கும்போது மட்டும், சிந்திய பெற்றோல் முழுதும் உலர்ந்த பின், இணையுங்கள். அச்சோதனையையும் நீட்டாதீர்கள், யந்திரம் ஓடாமற் சாவி மட்டும் திறந்தே இருந்தால் மின்சுருள் சூடேறிப் பழுதாகும். மின்வெட்டு வந்ததென்று குப்பிவிளக்கை ஏற்றிக்கொண்டு அருகே போகாதீர்கள். பெற்றோற் தீயில் தண்ணீர் ஊற்றலாகாது. தண்ணீரின்மேல் மிதந்து தீ பரவும். உலர்ந்த மணலும், உலர்தூள் தீயணைப்பானும் கையெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

மலைநாட்டாருக்கு இன்னொன்று. மைனரின் பெற்றோற் தாங்கி பின்னால் இருக்கிறது. செங்குத்தான சரிவில் வண்டியின் மூக்குக் கீழே பார்க்க நிறுத்தினால், தாங்கி காபரேற்றரைவிட உயர்ந்துவிடக் கூடும். அந்நிலையில் ஊசியும் பழுதாயிருந்தால், சாவி இல்லாமலே பெற்றோல் தானாக வழிந்துகொண்டிருக்கும். நிறுத்தும்போது மூக்கை மேட்டுப் பக்கம் வையுங்கள்.

திருத்திய மறுநாள் குடும்பத்தோடு வெல்லவாய வரை இறங்கினோம். வழியிலே தியலும நீர்வீழ்ச்சி 220 மீற்றர் உயரத்திலிருந்து விழுந்துகொண்டிருந்தது. அம்மா அதைப் பார்த்துக் கைகூப்பினார். திரும்பும்போது அந்த ஏற்றம் முழுவதும் கிழவி முனகாமல் ஏறினாள். பெரியவரிடம் கூலி கேட்டபோது, "பெற்றோல் மிச்சம் வந்தா அதுல ஒரு நாள் என் வீட்டுக்கு வாங்க" என்று சொல்லியிருந்தார். அடுத்த போயாவுக்குப் போகவிருக்கிறோம், கையில் ஒரு சிறு உறையோடு.

வீடு வந்ததும் கடைசிச் சோதனை. அந்த வார ஞாயிற்றுப் பத்திரிகையின் தாள்களை விரித்து யந்திரத்தின் அடியில் வைத்துவிட்டுப் படுத்தேன். விடியுமுன் எழுந்து பார்க்க எண்ணியிருந்தேன்; அயர்ந்துவிட்டேன். கண் விழித்தபோது என் மனைவி திண்ணையில் அமர்ந்து, ஒரு கையில் தேநீரும் மறு கையில் அதே தாள்களுமாக வாசித்துக்கொண்டிருந்தாள்.

"ஈரம் ஏதும் இருக்கா?" என்று கேட்டேன்.

அவள் தாளை மூக்கருகே கொண்டுபோனாள். பின்பு தேநீரையும் முகர்ந்தாள்.

"தேத்தண்ணி வாசம்தாங்க வருது" என்றாள்.